ஆறியவை

முதல் சீசனில் மறைக்கச் சொன்னார்கள்.
டெல்ஃபினா கொவாஸின் வலது முன்னங்கையில்
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பதினோரு தழும்புகள்.
முதலில் களிம்பு, அதன்மேல் தோல் நிறம்,
அதன்மேல் பவுடர். இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடங்களில்தான்
அவள் கதை எனக்கு வந்தது, வரிசை தப்பி.

இது பதினேழு வயதில், போர்ட்டோவில் ஒரு ஹோட்டல்.
கொதிக்கும் எண்ணெயில் ஈர மீனை
எட்ட நின்று எறிந்தவன் பெயரை
இன்றைக்கும் சொல்லமாட்டாள்.
இந்த இரட்டைக்கோடு ஓவன் கம்பி.
இது மத்தோஸின்யோஸில், சொந்த உணவகம்,
இருபத்தெட்டு நாற்காலி, முதல் சனிக்கிழமை;
"பின்னால் வருகிறேன்" என்று கத்த
ஒரு பையன் மறந்துவிட்டான்.
இது எதுவென்று நினைவில்லை என்றாள்.
ஒரு வாரம் கழித்து, வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில்,
"சர்க்கரைப் பாகு" என்றாள்.

மூன்றாம் சீசனுக்குப் புது இயக்குநர்.
திறந்து காட்டு என்றார். மக்கள் நம்புவார்களாம்.
நான்காவதில், இடப்பக்கக் கேமராவுக்கு
ஒன்று குறைகிறது என்றார்.
பன்னிரண்டாவதை நான் வரைந்தேன்.

குனிந்து பார்த்தாள். கோபமா, தெரியவில்லை.
"ஓவன் கதவு அங்கே சுடாது, ஒடெத்.
இரண்டு விரற்கடை மேலே.
ஓரமும் இத்தனை நேராக இருக்காது.
சுட்டால் கையை இழுப்போமா இல்லையா?"
அழித்துவிட்டு
இழுத்த மாதிரி வரைந்தேன்.

அரங்கில் எல்லாம் ஆறித்தான் அவள் வாய்க்கு வரும்.
விளக்கைத் திருப்பவேண்டும்,
தட்டை மேலிருந்து எடுக்கவேண்டும்,
போட்டியாளர் அழுகை சரியாகப் பதியாவிட்டால்
இன்னொருமுறை அழவேண்டும்.
தட்டு சூடாக இல்லையென்று
பரிமாறுபவரைத் திருப்பி அனுப்பிய பெண்,
கொழுப்பு வெள்ளையாய்ப் படிந்த குழம்பைக்
கண்மூடிச் சுவைக்கிறாள்.
கண்ணை மூடுவது இயக்குநரின் யோசனை.
உண்மையான சுவைப்பு முன்பே முடிந்திருக்கும்:
கேமராக்கள் பாட்டரி மாற்றும்போது
பையிலிருந்து அவளுடைய பழைய ஸ்பூன்,
அடுப்படியில், நின்றபடி,
நாக்கு சுடச்சுட.

பெஜாவிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் அமாதெயு
ஒருநாள் பேய்க்கணவாய்ச் சோறு செய்தான்.
அரிசி சாற்றில் நீந்தவேண்டிய சோறு.
யாருக்காகவும் காத்திருக்காது;
இறக்கி மூன்று நிமிடம் போனால்
சாறு முழுவதையும் தானே குடித்துவிடும்.
அவள் ஸ்பூனை விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.
வியர்வை ஒற்ற என்னிடம் வந்தாள்.
ஒற்றி முடித்த பிறகும்
வாய் மென்றுகொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் கழித்து, கேமரா முன்:
"களியாகிவிட்டது."
பொய்யில்லை. தட்டில் இருந்தது களிதான்.
அமாதெயு தலையாட்டினான்.
கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டே கேட்டான்,
கேட்கக்கூடாததைக் கேட்பவன்போல:
அந்தத் தழும்பு, மேலே இருப்பது, எப்படி?
நான் வரைந்ததுதான்.
"கடையை மூடிய ராத்திரி" என்றாள் உடனே.
இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி.

அன்றிரவு பஞ்சை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
அவளாகவே சொன்னாள்:
"அந்த ராத்திரி ஒன்றும் சுடவில்லை.
வங்கிக்காரர் சாவியை ஒரு காகித உறையில் போட்டு
நாக்கால் நனைத்து ஒட்டினார்.
நான் அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
முழுக் கையையும்.
ஆறியிருந்தது."

பஞ்சு பன்னிரண்டாவதுக்கு வந்தபோது
கையை இழுத்துக்கொண்டாள்.
இது இருக்கட்டும், ரயிலுக்கு நேரமாகிறது.

திங்கட்கிழமை வந்தவுடன் முறைப்பாடு:
தலையணை உறை முழுக்கக் கறை,
இத்தனை மட்டமான சாயமா வாங்குகிறீர்கள்,
எதைப் போட்டால் போகும்?
வினிகர் என்றேன்.
"எதற்கெடுத்தாலும் வினிகர்" என்று முனகிக்கொண்டே
சட்டைக்கையை மடித்துவிட்டு
விளக்கின்கீழ் நீட்டினாள்.
இரண்டு விரற்கடை மேலே
வெறும் தோல்.